சாட்சித் துண்டு

யாராவது 'இல்லை' என்று சொன்னால் எங்கள் டொக்டருக்கு அது காதில் ஏறாது. மருந்தோ, பஸ்ஸோ, நோயோ, எதுவாக இருந்தாலும் சரி. 'ஓம், இருக்கிறது' என்றால் தலையாட்டிவிட்டுப் போவார். 'இல்லை' என்றால் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார்.

கல்முனைக் கடைத்தெருவில் ஒரு பாமசியில் நடந்ததை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அவருக்குக் கண்ணில் விடும் சொட்டு மருந்து ஒன்று தேவைப்பட்டது. நானும் கூடப் போயிருந்தேன். கடைக்காரர் போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். மருந்தின் பெயரைச் சொன்னதும் தலையைத் தூக்காமலே இல்லை என்றார். டொக்டர் கோபப்படவில்லை. பரசிட்டமோல் இருக்கிறதா என்று கேட்டார். அதற்கும் இல்லைதான். பரசிட்டமோல் பெட்டிகள் அந்த மனிதரின் தலைக்குப் பின்னாலேயே, சரிந்தால் மண்டை உடையும் உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. டொக்டர் என் பக்கம் திரும்பினார்.

"இவர்ட இல்லைக்குப் பெறுமதி இல்ல காக்கா. திரும்பக் கேப்பம்" என்றார்.

திரும்பக் கேட்டார். குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும், அந்த மனிதர் போனை வைத்துவிட்டு எழும்பித் தேடினார். சொட்டு மருந்து இருந்தது.

அவர் நோயியல் டொக்டர். உடம்பிலிருந்து வெட்டி எடுத்த சதையை நுணுக்குக்காட்டியில் பார்த்து என்ன நோய் என்று சொல்பவர். காரைதீவுப் பெண். சின்ன உருவம், பெரிய கண்ணாடி, நெற்றியில் ஒரு பொட்டு. கல்முனையில் நாங்கள் வேலை செய்த தனியார் ஆய்வுகூடத்துக்குக் காலையில் ஸ்கூட்டரில் வருவார். நான் அங்கே தொழில்நுட்பவியலாளன். சதையை மெழுகில் பதித்து, மயிரை விட மெல்லியதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, நிறம் போட்டு அவருடைய மேசைக்கு அனுப்புவது என் வேலை. வயதில் நான் மூத்தவன் என்பதால், அண்ணனை எங்கள் ஆட்கள் கூப்பிடுவது போல, என்னைக் காக்கா என்பார். வேலையில் அவர்தான் மூத்தவர் என்பதை ஒருநாளும் மறக்க விடமாட்டார்.

நாங்கள் அதிகம் செய்தது மார்புப் புற்றுநோய்ச் சோதனை. புற்றுநோய் என்று ஒரே பெயரைச் சொன்னாலும் எல்லாம் ஒன்றல்ல. சிலருடைய புற்றுக் கலங்களின், அதாவது செல்களின், மேற்பரப்பில் ஒரு வகைப் புரதம் அளவுக்கு மிஞ்சி முளைத்து நிற்கும். அன்டிஜன் என்போம். வாசலில் தொங்கும் பெயர்ப்பலகை மாதிரி அது. அந்தப் புரதத்தை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் மருந்தொன்றைச் சதையின் மேல் விடுவோம். ஒட்டினால் கலத்தைச் சுற்றிக் கபில நிறத்தில் வளையம் விழும். வளையம் இருந்தால் அந்தப் பெயர்ப்பலகையையே குறிவைத்து அடிக்கும் ஊசி இருக்கிறது, நோயாளிக்குக் கொடுக்கலாம். வளையம் இல்லாவிட்டால் அந்த ஊசியால் பயனில்லை, கொடுக்கவும் மாட்டார்கள்.

வளையம் விழாததற்கு இரண்டு காரணம் இருக்கலாம். புரதம் உண்மையிலேயே இல்லாமல் இருக்கலாம். அல்லது எங்கள் சோதனை எங்கேயோ பிழையாகப் போயிருக்கலாம். கண்ணாடியில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அதற்காக ஒவ்வொரு கண்ணாடியின் ஓரத்திலும், கட்டாயம் வளையம் விழும் என்று ஏற்கெனவே தெரிந்த வேறொருவரின் சதைத் துண்டையும் ஒட்டுவோம். அது நிறம் எடுத்தால் சோதனை சரி, பக்கத்திலுள்ள 'இல்லை'யை நம்பலாம். மற்ற லேப்களில் அதைக் கொன்ட்ரோல் என்பார்கள். எங்கள் டொக்டர் சாட்சி என்பார். "சாட்சி எங்க காக்கா?" என்பதுதான் காலையில் அவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை. தேநீருக்குச் சீனி இல்லை என்று யாராவது சொன்னால்கூட நாங்கள் எங்களுக்குள் "சாட்சி எங்க?" என்று கேட்டுச் சிரிப்போம்.

சிரிப்புக்கு அப்பால் அந்தக் குணம் ஆட்களை வருத்தியது. சொறிக்கல்முனையிலிருந்து ஒரு விவசாயி வந்தார். மனைவிக்கு நோய். வயலில் அறுவடை நடக்கிறது, அவர் எங்கள் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருக்கிறார். அன்றைக்குச் சாட்சித் துண்டின் நிறம் கொஞ்சம் மங்கல். எனக்கு அது போதும் என்றே பட்டது. டொக்டர் எல்லாக் கண்ணாடிகளையும் குப்பையில் போட்டுவிட்டுத் திரும்பச் செய்யச் சொன்னார். அந்த மனிதர் அடுத்த நாளும் வந்தார், அதற்கடுத்த நாளும் வந்தார். கடைசியில் பதில் 'இல்லை' என்றுதான் வந்தது. மங்கலாக இருந்தபோது நான் பார்த்ததும் அதேதான். எதற்கு இத்தனை நாள் என்றுகூடக் கேட்காமல் அவர் பேப்பரை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

எனக்குப் பொறுக்கவில்லை. இதைத்தானே முதலே சொல்லியிருக்கலாம், அந்த மனிசனை எதற்கு அலைத்தோம் என்று கேட்டேன்.

"முதல் சொல்லியிருந்தா அது ஊகம். இண்டைக்குச் சொன்னதுதான் பதில்" என்றார். சொல்லிவிட்டு அடுத்த கண்ணாடியை எடுத்தார். அவரிடம் எனக்கு மதிப்பு இருந்ததே தவிர, அன்றைக்கு அவரைப் பிடிக்கவில்லை.

ஒருநாள் கரண்ட் போய் எல்லாரும் சும்மா இருந்தோம். அப்போது, யாரும் கேட்காமலே, தன் அண்ணனைப் பற்றிச் சொன்னார். சண்டைக் காலத்தில் ஒரு சுற்றிவளைப்பில் அண்ணனைப் படையினர் பிடித்துக்கொண்டு போனார்கள். டொக்டர் அப்போது சின்னப் பிள்ளை. அம்மா அவரையும் கையில் பிடித்துக்கொண்டு முகாம் வாசலுக்குப் போவாராம். உள்ளே அப்படி யாரும் இல்லை என்பார்களாம். ஒரு தடவை அம்மா, அடுத்த வீட்டுப் பையனின் பெயரைச் சொல்லி அவன் இருக்கிறானா என்று கேட்டிருக்கிறார். அந்தப் பையன் உள்ளே நிற்பதை வேலிக்குள்ளால் கண்ணால் கண்டிருந்தார். அவனும் இல்லை என்றார்களாம்.

"அப்ப அவங்க, அண்ணன் இல்லை எண்டு சொன்னது ஒரு பதிலே இல்லத்தானே" என்றார் டொக்டர். அந்தப் பையன் பிறகு விடுதலையாகி வீட்டுக்கு வந்தான். அண்ணன் வரவில்லை. அம்மா சாகும் வரைக்கும் ஒரு பதிலும் வரவில்லை. அதனால்தான் இவர் இப்படி ஆனார் என்று நான் முடிச்சுப் போட மாட்டேன். அப்படி அண்ணன்மாரை இழந்த எத்தனையோ பேர் சாதாரணமாகத்தான் கடையில் சாமான் வாங்குகிறார்கள்.

இப்படியே அவருடைய பிடிவாதத்தைப் பற்றி வெளியாள் மாதிரிக் கதைத்துக்கொண்டிருந்தவன் நான். பிறகு என் மனைவியின் மார்பில் கட்டி வந்தது.

இன்னொரு ஊர் ஆஸ்பத்திரியில் ஊசியால் சதையில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்துப் புற்றுநோய் என்றார்கள். அங்கே அதற்கு மேல் சோதிக்க வசதி இல்லை. மட்டக்களப்பில் சத்திரசிகிச்சை நடந்தது. வெட்டி எடுத்ததை, சதை அழுகாமல் காக்கும் ஃபோமலின் நிரப்பிய போத்தலில் போட்டு மூடித் தந்தார்கள். நான் லேபில் வேலை செய்பவன் என்பதால் எங்களிடமே சோதிக்கச் சொன்னார்கள். நான் மனைவியோடு ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டியிருந்தது. மனைவியின் தம்பி போத்தலை வீட்டுக்குக் கொண்டுபோனார். சனி, ஞாயிறு, அதோடு சேர்ந்து போயா, பௌர்ணமி விடுமுறை. பரவாயில்லை, ஃபோமலினுக்குள் இருக்கும் சதைக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

லேப் திறந்த அன்று டொக்டர் போத்தலைத் திறந்து முகர்ந்து பார்த்தார். ஃபோமலின் மணம் போதாது என்றார். நான் புது ஃபோமலினை ஊற்றினேன். அவர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கண்ணாடி தயாரானதும் நான்தான் முதலில் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது, ஆனால் யார் பார்க்காமல் இருப்பார்கள்? ஓரத்தில் சாட்சித் துண்டு நல்ல கபில நிறத்தில் வளையம் வளையமாக. என் மனைவியின் சதையில் ஒன்றுமில்லை. சாட்சி சரி, அப்படியென்றால் அந்த 'இல்லை' உண்மை. ஊசி கிடையாது. தட்டை டொக்டரின் மேசையில் வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். பெரிய பள்ளிவாசலில் மத்தியான லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

டொக்டர் கூப்பிட்டார். கையெழுத்துப் போட்டிருப்பார் என்று நினைத்துப் போனேன். அவர் இரண்டாவது கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது வேறொரு சோதனை. அதில் கட்டிக்குப் பக்கத்திலிருக்கும் நோயில்லாத நல்ல பால்குழாய்கள்கூட நிறம் எடுக்க வேண்டும். என் மனைவியின் நல்ல குழாய்களும் வெள்ளையாகக் கிடந்தன.

"ஓரத்துச் சாட்சி கதைக்குது. அப்ப எங்கட மருந்தில பிழையில்ல. அவட சொந்தச் சதையில உள்ள சாட்சி வாய் திறக்குதில்ல காக்கா. இந்தச் சதை எங்களிட்ட வாறத்துக்கு முதலே பழுதாப் போயிருக்கு. போத்தலை ஆர் திறந்த?"

யாரும் திறக்கவில்லை என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், பாமசிக்காரரின் இடத்தில் நான் நிற்பது எனக்குத் தெரிந்தது.

அடுத்த கிழமை மட்டக்களப்பில் கிளினிக். அங்கே பேப்பரைப் பார்த்துத்தான் என்ன வைத்தியம் என்று முடிவெடுப்பார்கள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எதையாவது எழுதித் தாருங்கள் டொக்டர், இல்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள், வேறு வைத்தியமாவது தொடங்கட்டும் என்று சத்தம் போட்டேன். சொறிக்கல்முனை மனிதர் கேட்காமல் போனதையெல்லாம் நான் கேட்டேன்.

"உங்கட மனிசி எண்டதுக்காக நான் பிழையான பதில் தர ஏலுமா?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டில் விசாரிக்கச் சொன்னார். சொல்வது சுலபம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். நான் மனைவியின் உம்மா, என் மாமி, கட்டிக் கொடுத்த வீட்டில், மாமியின் கையால் சோறு தின்பவன். மச்சினன் அல்லாஹ்வின் மேல் சத்தியம் செய்து, திறக்கவே இல்லை என்றார். வீட்டு வாசலில் உம்மா இரு கையாலும் வாங்கி உள்ளே கொண்டுபோனா, அவ்வளவுதான் தெரியும் என்றார். மாமியிடம் எப்படிக் கேட்பது? கேட்டுப் பார்த்தேன். மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டா.

அடுத்த நாள் பின்னேரம் டொக்டரே நோய் விசாரிக்க வந்தார். ஒரு பையில் தோடம்பழம். மனைவியின் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து சுகம் கேட்டார். மாமி குளிர்பானம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கதவருகில் நின்றா. டொக்டர் மெதுவாகத் திரும்பி, அந்தப் போத்தலை நீங்கள் கையில் எடுத்துப் பார்த்தீர்களா உம்மா என்று கேட்டார். நான் அதன் பக்கமே போகவில்லை என்றா மாமி.

அது பாமசியில் கேட்ட பரசிட்டமோல் மாதிரிக் கேள்வி. இரு கையாலும் வாங்கியது மாமி என்று டொக்டரிடம் நான்தான் சொல்லியிருந்தேன். இனி விசாரணை தொடங்கும், வீட்டில் மானம் போகும், காரைதீவுப் பொம்பிளை வந்து எங்கட உம்மாவைக் கள்ளியாக்கினா என்று ஊர் கதைக்கும் என்று நான் எழும்பிவிட்டேன்.

டொக்டர் குளிர்பானத்தை ஒரு மிடறு குடித்தார்.

"நானெண்டா திறந்துதான் இருப்பன் உம்மா. என்ட பிள்ளைட உடம்பு ஒரு போத்தலுக்குள்ள கிடக்கேக்க எப்பிடிச் சும்மா இருக்கிற?"

மாமி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டா. அழுகை வரவில்லை. சத்தம்தான் வந்தது.

"எரியுமே மகள். மூடியத் தொறந்த ஒடன என்ட கண்ணு எரிஞ்சிச்சு. அந்த நாத்தத் தண்ணிக்குள்ள என்ட புள்ளட சதை கெடக்கு. வெட்டின சதையெண்டாலும் நாளைக்கி மையவாடியில அடக்கத்தானே போறம். மௌத்தானவங்களக் கூடக் குளிப்பாட்டித்தானே அடக்குற. என்ட தம்பி ஹஜ்ஜில இரிந்து கொண்டந்த ஸம்ஸம் தண்ணி இரிந்திச்சு. அந்த நாத்தத் தண்ணியக் கொட்டிப்போட்டு ஸம்ஸத்த ஊத்தினன்."

கட்டிலில் என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். நான் மாமியைத் திட்டியிருப்பேன், நிச்சயமாகத் திட்டியிருப்பேன். தன் கையாலேயே மகளின் வைத்தியத்தை அழித்துவிட்டாவே என்று தொண்டை வரைக்கும் வந்தது. டொக்டர் அதற்குள் கதிரையை விட்டு இறங்கி மாமிக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார்.

"ஸம்ஸத்தைப் பிள்ளைக்குக் குடிக்கக் குடுங்க உம்மா. போத்தலுக்கு மட்டும் அந்த நாத்தத் தண்ணிதான் சரி. என்ன செய்யலாமெண்டு நான் பார்க்கிறன்" என்றார். மாமியின் கையை அவர் விடவே இல்லை.

மிச்சம் ஒரே ஒரு வழிதான் இருந்தது. முதலில் ஊசியால் எடுத்த துணுக்கு. அது எந்தப் போத்தலிலும் ஸம்ஸம் படாமல், மெழுகுக்குள் பத்திரமாக அந்த இன்னொரு ஊர் லேபில் இருக்க வேண்டும். டொக்டர் போன் எடுத்தார். இல்லை, முடிந்துவிட்டது என்றார்கள். என் வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான், அவர் 'இல்லை'யை நம்பாதவர் என்பதற்காக அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன். போனை வைத்தவர் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். அங்கே போய் என்ன கேட்டார், யாரோடு சண்டை பிடித்தார் என்று சொல்லவில்லை. பின்னேரம் கைப்பைக்குள்ளிருந்து ஒரு மெழுகுக் கட்டியை எடுத்து என் முன்னால் வைத்தார். அதற்குள் சதை ஒரு நூல் அளவுக்கு மிச்சம் இருந்தது.

அதைச் சீவ வேண்டும். கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் நூல் முடிந்துவிடும், அதன் பிறகு கேட்க உலகத்தில் வேறு சதை இல்லை. மற்றவரைச் சீவச் சொல்லுங்கள், என் கை நடுங்குகிறது என்றேன்.

"நடுங்கட்டும். உங்களை விட ஆர் கவனமாச் சீவப் போறாங்க?"

சக்கரத்தைச் சுற்றத் தொடங்கினேன். முதல் சீவல் வெறும் மெழுகு. அடுத்ததும் மெழுகு. அதற்கடுத்ததில் ஒரு மெல்லிய கோடு வந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு இன்னும் கொஞ்சம் எடுத்தேன், பிறகு நூல் முடிந்துவிட்டது. டொக்டர் முழு நேரமும் பக்கத்தில் நின்றார்.

மறுநாள் நுணுக்குக்காட்டியில் அவர்தான் முதலில் பார்த்தார். நான் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஓரத்துச் சாட்சியைப் பார்த்தார். அடுத்த கண்ணாடியில் நல்ல குழாயைப் பார்த்தார், இந்தத் தடவை அது நிறம் எடுத்திருந்தது. அதற்குப் பிறகுதான் கட்டிக்கு வந்தார். எழும்பி, தன் கதிரையை எனக்குத் தந்தார்.

ஒவ்வொரு கலத்தையும் சுற்றிக் கபில வளையம். ஒன்றுகூடத் தப்பவில்லை. இந்த வளையம் உள்ள நோய் வேகமாகப் பரவும் வகை என்பது எனக்குத் தெரியும். மற்ற நாளில் இப்படியொரு கண்ணாடியைக் கண்டால் பாவம் என்று சொல்லித்தான் தட்டில் வைப்பேன். அன்றைக்கு அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னேன். டொக்டர் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஓம்" என்றார்.

கிளினிக்கில் ஊசியை எழுதினார்கள். மாதக் கணக்காக மட்டக்களப்புக்குப் போய் வந்தோம். முடி கொட்டியது, திரும்ப முளைத்தது. மாமி ஒவ்வொரு ஊசி நாளும் நோன்பு பிடித்தா. எல்லாம் முடிந்த பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். உடம்பில் எங்கும் நோய் இல்லை என்று வந்தது.

அதைத் தூக்கிக்கொண்டு நேரே டொக்டரிடம்தான் ஓடினேன். அப்போது அவர் கணவரோடு வெளிநாடு போகும் ஆயத்தத்தில் இருந்தார். மேசையெல்லாம் காலி. என்ன கேட்பார் என்று தெரியும், அதனால் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். எந்த மெசின், படத்தை யார் பார்த்தது, சின்னக் கட்டியென்றால் அதில் தெரியுமா, எல்லாம் விசாரித்துக்கொண்டுதான் போயிருந்தேன். அவர் பேப்பரை வாசித்தார். திரும்ப வாசித்தார். நான் சாட்சி எங்கே என்ற கேள்விக்காகக் காத்திருந்தேன்.

மடித்து என்னிடமே தந்தார்.

"சந்தோசம் காக்கா. இதை நம்பிக்கொண்டு வீட்ட போங்க."

அவ்வளவுதான். ஒரு கேள்வியும் இல்லை. நீங்கள் நம்புகிறீர்களா டொக்டர் என்று கேட்டேன். அவர் மேசை லாச்சியைத் திறந்து, வெறும் லாச்சியைப் பார்த்துவிட்டு மூடினார்.

"இந்த 'இல்லை'க்குப் பக்கத்தில சாட்சியா வெச்சுப் பார்க்க என்னட்ட ஒண்டும் இல்ல" என்றார்.

வெளியே வந்து மோட்டார் சைக்கிளில் சாவியைப் போட்டேன், திருப்பவில்லை. கட்டி என்று கேட்ட நாளிலும், வெள்ளைக் கண்ணாடியைப் பார்த்த நாளிலும் வராத பயம் அப்போது வந்தது. அவர் சண்டை பிடித்த வரைக்கும் நான் ஓரளவு நிம்மதியாகத்தான் இருந்திருக்கிறேன்.

டொக்டர் போய்ச் சில வருடமாகிவிட்டது. நாங்கள் இப்போதும் குறித்த தவணைக்கு ஸ்கேனுக்குப் போகிறோம். இன்று வரைக்கும் இல்லை என்றுதான் வருகிறது. ஒவ்வொரு தடவையும் அங்கே இருப்பவர்களை நான் குடைந்தெடுப்பேன். மெசின் சரியா, நேற்று இதே மெசினில் யாருக்காவது இருக்கிறது என்று வந்ததா, அதைக் காட்ட முடியுமா என்று கேட்பேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். மனைவி அபாயாவைச் சரிசெய்துகொண்டு எழும்பி நிற்பாள்.

"டொக்டர் கேக்காம விட்டதை நீங்க கேக்காதீங்க" என்பாள். "வாங்க, பஸ் போயிரும்."